திருவாதிரை எப்போது வெடிக்கும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். தெருவிளக்கு இல்லை என்பதால் வானம் நன்றாகத் தெரியும். மார்கழியில் பேத்திக்குத் திருவாதிரை நட்சத்திரத்தைக் காட்டினேன். "அது வெடிக்கப் போகுதாமாங்க அப்புச்சி, வீடியோல சொன்னாங்க" என்கிறாள். எனக்கு மூன்று சந்தேகங்கள். வெடித்தால் நமக்கு ஆபத்தா? பெரிய நட்சத்திரத்தில் எரிவதற்கு நிறைய இருக்குமே, அது எப்படி முதலில் சாகிறது? வெடிக்கிற நாளை முன்கூட்டியே சொல்ல முடியாதா?

க. ம., தாராபுரம்

அன்புள்ள க. ம. அவர்களுக்கு,

ஆபத்து இல்லை. நம்மைப் பாதிக்க வேண்டுமானால் சில பத்து ஒளியாண்டுகளுக்குள் வெடிக்க வேண்டும். திருவாதிரை 500 முதல் 700 ஒளியாண்டுகள் தள்ளி இருக்கிறது. வெடித்தால் அரை நிலா அளவு வெளிச்சம் வரும், சில மாதங்கள் பகலிலும் தெரியும். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் தோட்டத்திலேயே பதில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைவிட உங்கள் கிணற்றில் இருபது மடங்கு தண்ணீர், ஆனால் இறைக்கிற மோட்டார் பல பத்தாயிரம் மடங்கு பெரியது என்றால் எது முதலில் வற்றும்? சூரியனைப்போல் 20 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் பல பத்தாயிரம் மடங்கு ஒளியைக் கொட்டுகிறது. எடை கூடினால் நடுப்பகுதியை அமுக்கும் சுமை கூடும். அதைத் தாங்க வெப்பம் கூட வேண்டும். வெப்பம் கொஞ்சம் கூடினாலே அணுக்கரு எரிதல் தாறுமாறாக வேகமெடுக்கும். அதனால் சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு ஆயுள் என்றால், இதற்குச் சுமார் ஒரு கோடி ஆண்டுதான்.

அந்த ஒரு கோடியும் சீராகக் கழிவதில்லை. 25 சூரிய எடையுள்ள நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் ஆக சுமார் 70 லட்சம் ஆண்டுகள். ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகச் சில லட்சம் ஆண்டுகள். அப்புறம் கார்பன் எரிவது சில நூறு ஆண்டுகள்தான். நியான் ஓராண்டு, ஆக்சிஜன் ஆறு மாதம், சிலிக்கான் ஒரே நாள்! எத்தனை முறை படித்தாலும் இந்தக் கடைசி எண்ணில் நான் நின்றுவிடுவேன்.

ஏன் இந்த அவசரம்? கார்பன் கட்டத்திலிருந்து நடுப்பகுதியின் சூட்டில் நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் மோதாத மிக நுண்ணிய துகள்கள்) ஏராளமாக உண்டாகின்றன. ஒளி மேலே வந்து சேர நெடுங்காலம் முட்டிமோத வேண்டும். நியூட்ரினோவோ தடையே இல்லாமல் ஆற்றலை அள்ளிக்கொண்டு நேரே வெளியேறிவிடும். அந்த நட்டத்தை ஈடுகட்ட இன்னும் வேகமாக எரித்தாக வேண்டும். கடைசியில் இரும்பு வருகிறது. இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. அந்த இரும்பு நடுப்பகுதி, அதாவது நட்சத்திரத்தின் கரு, சுமார் 1.4 சூரிய எடையைத் தாண்டினால் தன்னைத் தாங்காது. (வெள்ளைக் குள்ளன் எனப்படும், எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களுக்கு இந்த எல்லை உண்டு என்பதை 1930இல், சென்னையில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கிடத் தொடங்கியவர் இயற்பியலாளர் சந்திரசேகர். வயது 19.) பூமி அளவுள்ள கரு ஒரு வினாடிக்குள் உள்ளே விழுந்து, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள நியூட்ரான் விண்மீன் ஆகிறது. மேலே உள்ளது வெடித்துச் சிதறும். சில நட்சத்திரங்கள் வெடிக்காமலே கருந்துளையாகவும் போகலாம்.

இனி மூன்றாவது கேள்வி. சொல்ல முடியாது. ஏனென்றால் நாம் பார்ப்பது தோலை. விவகாரம் நடப்பது வயிற்றில். கடைசிக் கட்டங்கள் மாதத்திலும் நாளிலும் முடிகின்றன. வெளி உறை அதற்கேற்ப மாறுவதற்கு அந்த அவகாசம் போதாது. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரிவரை திருவாதிரை பாதிக்கும் கீழே மங்கியபோது, இதோ வெடிக்கப் போகிறது என்று ஊரே பேசியது. உங்கள் பேத்தி பார்த்த வீடியோவின் மூலமும் அநேகமாக அதுதான். அது தோல் வியாதி. நட்சத்திரம் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்தது, மேற்பரப்பில் ஒரு பகுதியும் குளிர்ந்திருந்தது. பிறகு பழையபடி ஒளிர்ந்தது. அடுத்த லட்சம் ஆண்டுக்குள் எப்போதாவது வெடிக்கும் என்பதுதான் பலருடைய கணிப்பு. வாரக்கணக்கில் தேதி சொல்கிறவர்களை நான் ஜோசியக்காரர்கள் கணக்கில்தான் வைப்பேன்.

வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு 1987 பிப்ரவரியில் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த நட்சத்திரமும் சாட்சி. வெடிப்பது திருவாதிரையைப் போன்ற சிவப்புப் பெருவிண்மீனாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் அது நீலம்.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. வெடிப்பின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்றிலும் இருந்த கருவிகளில் நியூட்ரினோக்கள் சிக்கின. மொத்தமே இரண்டு டஜன்தான். கரு விழுந்ததும் அவை கிளம்பிவிடும். அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்ட மணிக்கணக்கில் ஆகும். திருவாதிரையிலும் அதே வரிசைதான். முதலில் அறியப்போவது ஜப்பானில் மலைக்கு அடியில் 50,000 டன் தண்ணீரோடு காத்திருக்கிற சூப்பர் காமியோகாண்டே போன்ற கருவிகள். அவற்றை இணைக்கும் ஸ்நியூஸ் என்ற எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. பொதுமக்களும் அதில் மின்னஞ்சல் முகவரி கொடுத்து வைக்கலாம். பேத்தியை விட்டுப் பதியச் சொல்லுங்கள். மார்கழிவரை காத்திருக்க முடியாது என்றால், வைகாசி, ஆனியில் இரவு எட்டரைக்கு மேல் தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை தெரியும். அதுவும் இதே ரகம்தான்.