பாஸ் கிட்டார் பெட்டி: முதலில் ஸ்பீக்கர், அப்புறம் பிளைவுட்

கேள்வி: நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். பழைய பிஏ (மேடை ஒலிபெருக்கி) பெட்டியிலிருந்து கழற்றிய 15 இன்ச், 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று கையில் இருக்கிறது. நண்பரிடம் உள்ள கம்பெனிப் பெட்டியின் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதை அப்படியே அளந்து 18 மி.மீ. பிளைவுட்டில் செய்து, இந்த ஸ்பீக்கரைப் பூட்டலாமா? முன்பலகையில் காற்று போய்வர போர்ட் ஓட்டை விட வேண்டுமா? என் ஆம்பில் "4 ஓம், 300 வாட்" என்று எழுதியிருக்கிறது.

பதில்: நண்பரின் பெட்டியை அளக்க வேண்டாம். அந்த அளவு, அதற்குள் இருக்கும் ஸ்பீக்கருக்காகப் போட்ட கணக்கு. உங்களுடையதும் 15 இன்ச்தானே என்று தோன்றும். ஆனால் இன்ச் என்பது ஸ்பீக்கர் சட்டத்தின் விட்டம், அவ்வளவுதான். செருப்பு அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டு பேரின் எடையும் ஒன்றாகிவிடாது.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. கோன், அதாவது ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு, உள்ளே போனால் காற்று அதை வெளியே தள்ளும். வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். பெட்டி சிறியதாக இருந்தால் ஸ்பிரிங் விறைப்பு, பெரியதாக இருந்தால் தளர்வு. உங்கள் கோனின் எடைக்கும் மேக்னட்டின் பலத்துக்கும் எந்த விறைப்பு பொருந்தும் என்பதுதான் கேள்வியே. இதை எண்களாக்கித் தந்தவர்கள் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீல் தன் கட்டுரையை 1961-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டார். ஸ்மால் 1970-களில் அதை விரித்தார். இன்று எந்த ஸ்பீக்கரின் தகவல் தாளிலும் தீல்-ஸ்மால் எண்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, மேக்னட்டின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் படித்து அந்தத் தாளைத் தேடுவது. அதில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூஇஎஸ் (மேக்னட் அந்த அதிர்வை எவ்வளவு அடக்குகிறது என்பதைக் காட்டும் எண்) என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் போர்ட் வைத்த பெட்டி பொருந்தும். 50-க்குக் கீழே என்றால் மூடிய பெட்டி. இடையில் இருந்தால் இரண்டும் ஓடும். தாள் கிடைக்கவே இல்லையா? மூடிய பெட்டியே செய்யுங்கள். அதில் கொள்ளளவு பத்து சதவீதம் பிசகினாலும் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. போர்ட் பெட்டி அப்படி மன்னிக்காது. மூடிய பெட்டி மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1969-ல் ஆம்பெக் என்ற ஆம்ப் கம்பெனி கொண்டுவந்த, எட்டு பத்து-இன்ச் ஸ்பீக்கர்கள் அடுக்கிய அந்தப் புகழ்பெற்ற பெட்டி மூடியதுதான்.

மரம் வாங்கும் முன் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கோனின் நடுவைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சம தூரத்தில் பரப்பி மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். மணல் உரசுவது போல விரலுக்குத் தெரிந்தால் உள்ளே காயில் (கம்பிச் சுருள்) கோணிவிட்டது. அதற்குப் பெட்டி செய்வது வீண் வேலை. அப்புறம் மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஐந்தரை முதல் ஆறரை ஓம் வரை காட்டும், அது சரிதான். 3 சொச்சம் காட்டினால் உங்களிடம் இருப்பது 4 ஓம் ஸ்பீக்கர்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் தகவல் தாள் 75 லிட்டர் பெட்டி, 45 ஹெர்ட்ஸ் டியூனிங் (போர்ட்டில் உள்ள காற்று அதிரும் இடம்) என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். வெளி அளவு 60 செ.மீ. உயரம், 45 அகலம், 43 ஆழம். 18 மி.மீ. பலகையைக் கழித்தால் உள்ளே உயரம் 56.4, அகலம் 41.4. ஆழத்தில் முன், பின் பலகைகள் போக, கிரில்லுக்காக முன்பலகையை 3 செ.மீ. உள்தள்ளி வைப்பதால் மிஞ்சுவது 36.4. மூன்றையும் பெருக்கினால் சுமார் 85 லிட்டர். ஸ்பீக்கரின் பின்பகுதி மூன்றரை, போர்ட் குழாய்கள் நாலரை, உள்ளே ஒட்டும் ரீப்பர்களும் பிரேஸும் (முட்டுக்கட்டை) இரண்டு என்று பத்து லிட்டர் போனால் 75. இந்தப் பத்தைக் கழிக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

போர்ட்டுக்கு 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் இரண்டு. குழாயின் உள்விட்டத்தை அதாலேயே பெருக்கி, அதை 23,562-ஆலும் குழாய்களின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். டியூனிங் ஹெர்ட்ஸை அதாலேயே பெருக்கி, லிட்டராலும் பெருக்கி வரும் எண்ணால் முதல் எண்ணை வகுங்கள். கிடைப்பதில் உள்விட்டத்தின் 0.73 பங்கைக் கழியுங்கள். நம் எண்களுக்கு 31 கழித்தல் 7.3, அதாவது ஒவ்வொரு குழாயும் ஏறக்குறைய 23.7 செ.மீ. நீளம். முன்பலகையின் தடிமனும் இந்த நீளத்தில் சேர்த்தி. ஒரே குழாய் போதுமே, எட்டு செ.மீ.தானே வருகிறது என்று மிச்சம் பிடிக்காதீர்கள். பலமாக வாசிக்கும்போது அவ்வளவு காற்றும் ஒரே வழியாகப் பாய்ந்து 'புஸ் புஸ்' என்று கேட்கும்.

நான்கு கம்பி பாஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பாஸின் பி கம்பி 31. அப்படியானால் 31-க்கு டியூன் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும். தேவையில்லை. பாஸின் சத்தத்தில் நம் காது பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஈ கம்பியின் இரட்டிப்பான 82-ம் அதற்கு மேலும்தான். ஆனால் ஒன்று: போர்ட் பெட்டியில் டியூனிங்குக்குக் கீழே போனால் காற்று ஸ்பிரிங் கைவிட்டுவிடும், கோன் பிடியில்லாமல் ஆடும். ஐந்து கம்பி வாசிப்பவர் ஆம்பிலோ பெடலிலோ 30-35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் வைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் பிழைக்கும்.

இனி பிளைவுட். 18 மி.மீ. நல்லதுதான், ஆனால் கனம். மேலே சொன்ன பெட்டிக்கு மரம் மட்டுமே பதினைந்து கிலோவைத் தாண்டும். இரும்புச் சட்டமும் ஃபெரைட் மேக்னட்டும் கொண்ட 15 இன்ச் ஸ்பீக்கர் ஏறினால் மாடிப்படியில் தனியாகத் தூக்க முடியாது. என் விருப்பம்: முன்பலகை 18, மற்றவை 12, உள்ளே இடது சுவருக்கும் வலது சுவருக்கும் நடுவே ஒரு பிரேஸ். (உள் அளவு மாறும், கணக்கைத் திரும்பப் போடுங்கள்.) தடிமனை விட முக்கியம் உள்ளே பொந்து இல்லாதது. ஷீட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கருப்பாக இடைவெளி தெரிந்தால் அந்த ஷீட்டை விட்டுவிடுங்கள்; என்றாவது ஒருநாள் ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் அது கிர்ரென்று அதிரும், எங்கிருந்து என்று தேடி மாளாது. எம்டிஎஃப் வேண்டாம். அதைவிடக் கனம், மூலை இடிபட்டால் நொறுங்கும், ஈரம் பட்டால் ஊதும்.

எதிர்ப் பலகைகளை ஜோடியாக, ரம்பத்தின் அமைப்பை மாற்றாமல் அடுத்தடுத்து அறுங்கள். அரை மி.மீ. தவறு இருந்தாலும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். பெட்டி சதுரம் பிசகாது. மூட்டில் மரப்பசை தாராளமாக. இறுக்கும்போது ஓரமெல்லாம் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி வர வேண்டும், வராத இடத்தில் காற்று கசியும். ஸ்குரூ, பசை காயும்வரை பிடித்துக்கொள்வதற்குத்தான், பலம் பசையில். பின்பலகையைக் கழற்றும்படி செய்யாதீர்கள். ஸ்பீக்கரை முன்னாலிருந்து பூட்டினால் பின்பலகையையும் ஒட்டிவிடலாம், கசியும் இடம் ஒன்று குறையும். ஸ்பீக்கருக்கு மர ஸ்குரூ வேண்டாம், உள்பக்கம் டீ-நட் (மரத்தில் பதியும் நட்) அடித்து போல்ட் போடுங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ஃபோம் டேப்.

ஒயரிங்கில் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிக்குப் பின்னால் ஸ்பீக்கான் சாக்கெட், பூட்டிக்கொள்ளும் என்பதால் ஜாக்கை விட மேல். ஆம்பிலிருந்து பெட்டிக்குக் கிட்டார் கேபிள் போடவே கூடாது, தடித்த ஸ்பீக்கர் கேபிள்தான். ஒரு 8 ஓம் பெட்டிக்கு உங்கள் ஆம்ப் 300 வாட்டில் பாதியும் கொஞ்சமும் கொடுக்கும். சத்தத்தில் இழப்பு மூன்று டெசிபெல்லுக்குள், அதற்காக வருந்த வேண்டாம். பின்னாளில் இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றாவது சேர்ந்தால் ஆம்ப் தாங்காது.

பூட்டி முடித்ததும் போனிலிருந்து மெதுவாக ஏறும் ஒரு டோனை ஆம்பில் கொடுத்து, கோனில் விரல் நுனியை வையுங்கள். 30-லிருந்து ஏறும்போது கோன் நன்றாக ஆடும். 45-ஐ நெருங்கும்போது திடீரென்று அடங்கி, போர்ட் வாயில் காற்று வீசும். தாண்டியதும் மறுபடி ஆடும். அடங்கும் இடம்தான் உங்கள் உண்மையான டியூனிங். 50-ல் அடங்கினால் குழாய் குட்டை, 40-ல் என்றால் நீளம். இதற்காகவே நான் குழாயை முதலில் ஒட்டாமல், இறுக்கமாகச் செருகி மட்டும் வைப்பேன். கசிவுக்கு, போர்ட்டைத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டு அதே டோனை வாசிக்கவிட்டு ஈரக் கையை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். சில்லென்று காற்று உரசும் இடத்தில் பசை வைக்க வேண்டும். சாக்கெட் தகட்டைச் சுற்றியும் பாருங்கள். என் முதல் பெட்டியில் ஒரு நாள் முழுக்க மூட்டுகளைச் சந்தேகப்பட்டுக் கடைசியில் பிடித்தது, கோனின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த தொளதொள ஒயரை.

கைப்பிடிக்கு உட்குழிந்த கிண்ண வகை வாங்குங்கள், பின்பக்கம் மூடியதாக. அதையும் நடுவில் பொருத்தாதீர்கள். மேக்னட்டின் கனம் முழுக்க முன்பக்கம் இருப்பதால் நடுவில் பிடித்துத் தூக்கினால் பெட்டி முன்னால் சாயும். ஸ்பீக்கரைப் பூட்டிய பிறகு பெட்டியை ஒரு உருட்டுக்கட்டை மேல் வைத்து எங்கே சமநிலை வருகிறது என்று குறித்துக்கொண்டு, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த நேர்கோட்டில் துளை போடுங்கள்.