புதிய குதிரையேற்ற பூட்ஸ் முழங்காலுக்குப் பின்னால் கடிக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கணுக்கால் மடங்கவில்லை, முழங்காலுக்குப் பின்னால் அறுக்கிறது, படி இறங்கவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் உயரத் தோல் பூட்ஸ் புதிதில் அப்படித்தான் இருக்கும். மேல் விளிம்பு இப்போதே வசதியாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். போட்டுப் பழகப் பழகக் கணுக்காலில் தோல் மடிந்து, பூட்ஸ் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை கீழே இறங்கிவிடும். இன்று முழங்கால் மடிப்பைத் தொடுவது நாளை சரியான இடத்துக்கு வந்து நிற்கும். இன்று அளவாக நிற்பது நாளை பாதிக் கெண்டைக்காலில் தொங்கும்.

ஆனால் எந்த வலியைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்கவே கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதத்தில் வலி என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அது அளவுக் குறை. தோல் அகலத்தில் சற்று விரியும், நீளத்தில் வளராது. கெண்டைக்காலில் ஜிப் இழுத்துப் பிடித்து ஏறினால் நல்லது. ஜிப் ஏறியபின் பாதம் மரத்துப்போனாலோ, பல்லுக்கும் துணிக்கும் நடுவே தையல் வாய் பிளந்தாலோ பழகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலணி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, உள்ளே மரக்கட்டை வைத்துக் கெண்டைக்கால் பகுதியைக் கொஞ்சம் விரிக்கச் சொல்லலாம். அரை அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஒருமுறை அளவையும் சரிபார்த்துவிடுங்கள். சவாரிக் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு, நாற்காலியில் முழங்காலைச் செங்கோணமாக மடித்து உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை உயரம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு. மாலையில் அளப்பது நல்லது, பகல் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் சுத்தமான தரையில், மடிப்பு விழுமுன் செய்யுங்கள். கணுக்காலில் ஒரு கோடு விழுந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

அளவு சரியென்றால் பொறுமைதான் மருந்து. முதல் வாரம் வீட்டுக்குள் தினமும் இருபது நிமிடம் போடுங்கள். சமதரையில் நடப்பதைவிட மாடிப்படி ஏறுவது வேலை செய்யும், கணுக்கால் மடிவது அங்கேதான். கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் படியின் விளிம்பில் பாதி பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே அழுத்தி நில்லுங்கள், சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் நிற்பதைப் போலவே. முதலில் தோல் கிறீச்சென்று முனகும். நாலைந்து நாளில் கணுக்காலுக்கு முன்னால் மெல்லிய முடி போல ஒரு கோடு தெரியும், பிறகு அதற்கு மேலே இன்னொன்று. குதிகால் இறங்கிய நிலையில் விழும் அந்த மடிப்புதான் உங்கள் காலுக்கென்றே அமைகிற மடிப்பு.

தண்ணீரில் ஊறவைத்துக் காலிலேயே காயவிடு என்று யாராவது சொல்வார்கள். என் முதல் ஜோடியை அப்படித்தான் கெடுத்தேன். காய்ந்தபோது தோல் அட்டைபோல விறைத்து, இரண்டே மாதத்தில் மடிப்பில் வெடித்தது. ஈரம் வெளியேறும்போது தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் குறைந்துவிடுகிறது. தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவும் நம் வழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். தோல் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும், கெண்டைக்காலைத் தாங்க வேண்டிய விறைப்பும் போய்விடும். தோலுக்கான பதப்படுத்தும் களிம்பைக் கணுக்கால் பகுதியில் மட்டும், விரல் நுனியில் எடுத்து மெல்லிய பூச்சாகத் தேய்த்தால் போதும்.

கொப்புளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குதிகாலிலும் முழங்கால் மடிப்பிலும் முன்கூட்டியே மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே மெல்லிய நீளக் காலுறை போடுங்கள். பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் கால் அங்குலத் திண்டு ஒன்று வைத்தால் கால் சற்று உயர்ந்து, மேல் விளிம்பு அறுப்பது குறையும்.

இரண்டாவது வாரம் சேணத்தில் ஏறுங்கள், நடையும் சிறிது டிராட்டும் (குதிரையின் மெதுவான ஓட்டம்) மட்டும். தாண்டுதல் வேண்டவே வேண்டாம். விறைத்த கணுக்காலோடு அங்கவடியை உணர முடியாது, குதிரையின் விலாவில் உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் தெரியாது. ஏறுமுன் அங்கவடிக்குள் புதிய பூட்ஸை வைத்துப் பாருங்கள்: இருபக்கமும் அரை அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். பழைய பூட்ஸுக்குப் பொருந்திய அங்கவடி இதற்குக் குறுகலாக இருந்தால், விழும் நேரத்தில் கால் சிக்கிக்கொள்ளும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு முறை கழற்றியதும் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். சிவப்புக் கோடு நாளுக்கு நாள் வெளிறி வரும். அது வராத நாளில் திண்டை எடுத்துவிடுங்கள்.