அரைக்கால்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், கணிதம். இப்போது கற்பித்தல் பயிற்சிக்காக ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். பயிலரங்கு, கருத்தரங்கு என்று இதுவரை ஒன்பது சான்றிதழ்கள் சேர்ந்திருக்கின்றன. போன வாரம் ஏழாம் வகுப்பில் பின்னங்களின் பெருக்கல் நடத்தினேன். 1/2-ஐ 1/4-ஆல் பெருக்கினால் 1/8 என்றதும் ஒரு பையன் எழுந்து, "பெருக்கினால் கூடத்தானே வேண்டும், ஏன் டீச்சர் குறைகிறது?" என்றான். விதியையே திரும்பச் சொன்னேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். பாடக்குறிப்பேட்டில் "நோக்கம் நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இத்தனை பயிற்சியும் எனக்கு என்னதான் கொடுத்தது?

ஓர் ஆசிரிய மாணவி, சேலம்

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்தப் பையனைக் கவனிப்போம். அவன் தமிழை நம்பிக் கேட்டிருக்கிறான். பெருக்கல் என்ற சொல்லுக்குள்ளேயே பெருகுவது இருக்கிறதே! அவனுக்கான பதிலும் தமிழிலேயே இருக்கிறது. காலில் பாதியை நம் முன்னோர் அரைக்கால் என்றார்கள். அரையும் காலும் ஒட்டி நிற்கும் அந்தச் சொல்தான் நீங்கள் கரும்பலகையில் எழுதிய கணக்கு. அரைக்காலில் பாதி மாகாணி, 1/16. அவன் வீட்டுப் பெரியவர்களில் யாராவது இன்னும் இப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியைப் பார்க்காத பிள்ளை இருக்காது. கால் கிலோ மிளகை இரண்டு முறை அளந்து கொட்டினால் அரைக் கிலோ. ஒரு முறை கொட்டினால் கால் கிலோ. அரை முறை கொட்டினால்? இதை அவன் வாயால் சொல்லட்டும். பிறகு விதிக்கு வாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள், சக மாணவிகளையே வகுப்பாக வைத்துச் சில நிமிடம் நடத்திப் பழகும் பயிற்சி. ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டம், மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம். மொத்தம் 36 நிமிடத்தில் பெரிய பங்கு மறுதிட்டத்துக்குத்தான். முதல் முறை சரியாக வராது என்று தெரிந்தே அதை வகுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்தவர்கள் உங்கள் தோழிகள். விடை தெரிந்தவர்கள் எப்படித் தடுமாறுவார்கள்? உண்மையாகத் தடுமாறிய முதல் ஆள் உங்களுக்கு ஏற்காட்டில்தான் கிடைத்திருக்கிறான். அவனிடம் நீங்கள் முடித்தது முதல் ஆறு நிமிடத்தை மட்டுமே.

நான் படித்தபோது பி.எட். ஓராண்டுதான். பயிற்சிக்குப் போன பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டங்களாக வரைந்து, நான் கேள்வி கேட்ட பிள்ளைகள் இருந்த இடத்தில் எல்லாம் பென்சில் புள்ளி வைத்திருந்தார். முன் இரண்டு பெஞ்சுகளில் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. பின்னால் வெறும் கட்டங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் பின்பெஞ்சிலிருந்து தொடங்கினேன். அந்த ஓராண்டில் கேட்ட சொற்பொழிவுகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

2015-16 முதல் பி.எட். இரண்டாண்டு ஆகிவிட்டது. பள்ளியில் மட்டும் குறைந்தது இருபது வாரம், அதில் பதினாறு இரண்டாம் ஆண்டில். எங்களுக்குக் கிடைக்காத அவகாசம் இது. சான்றிதழ்களைக் கோப்பில் வையுங்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல அந்தப் பள்ளியின் கணித ஆசிரியரை அழையுங்கள். தயங்காதீர்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

பாடக்குறிப்பேட்டில் எழுதிய அந்த வரியை அடிக்க வேண்டாம். அதன் கீழே தேதி போட்டு, பையன் கேட்டதை அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். மீண்டும் நடத்திய பிறகு அவன் என்ன சொன்னான் என்பதையும் எழுதி, எனக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை மலை ஏறும்போது பையில் கொஞ்சம் மிளகும் ஒரு தராசும் இருக்கட்டும்.