பட்டறைகள் இல்லாத செட்டியார் தெருவா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பின் கோட்டையையும் புறக்கோட்டையையும் கலை நிகழ்வுகளால் மீண்டும் உயிர்பெறச் செய்ய வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். சுவரோவியங்களாலும் உணவுத் திருவிழாக்களாலும் புதுப்பித்த கட்டடங்களாலும் அங்கு தொழில் செய்யும் எங்களுக்கு நன்மை உண்டா?
– நகைத் தொழிலாளி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் பட்டறை அதே தெருவில் நிலைத்திருக்குமானால் நன்மை உண்டு. எந்தத் திட்டத்தையும் முதலில் இதை வைத்தே அளக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை 2011 ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு, கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டபோது நகர மக்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது. 1996 ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் பல ஆண்டுகள் மக்கள் நடமாட்டம் குன்றியிருந்த அந்தப் பகுதிக்கு, மாலை வேளைகளில் குடும்பங்கள் மறுபடி வரத் தொடங்கின. ஆனால் அக்கட்டடம் முன்னர் பொலிஸ் நிலையமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அதைப் புதுப்பிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த எவரும் வெளியேற வேண்டியிருக்கவில்லை.

புறக்கோட்டையின் நிலை வேறு. செட்டியார் தெருவில் தங்கம், கபோஸ் லேனில் ஆயுர்வேத மூலிகை, பிரதான வீதியில் துணி என்று ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு தொழிலால் அறியப்படுகிறது. வண்டி நுழைய முடியாத இடத்துக்கும் நாட்டாமைமார் எனப்படும் சுமை தூக்கும் தொழிலாளர்கள் மூட்டை சுமந்து போகிறார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1909 ஆம் ஆண்டில் கட்டி முடித்தார்கள். செட்டியார் தெருவின் கதிரேசன் கோவில்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பெயரோடு பிணைந்தவை. வணிகத்துக்காக வந்தவர்கள் வழிபாட்டையும் சமையலையும் மொழியையும் கூடவே கொண்டு வந்தார்கள். இன்று நாம் பண்பாட்டுப் பன்மை என்று பெருமையோடு சொல்வது அந்த வணிகத்தின் வழியாகவே இங்கு வேரூன்றியது. கடைகளை அகற்றிவிட்டு முகப்புகளுக்கு மட்டும் வண்ணம் பூசினால், படம் பிடிக்க வருபவர்களுக்கு ஒரு பின்னணி கிடைக்கும். உங்களுக்கோ வாடகை உயர்வுதான் கிடைக்கும்.

கொம்பனித்தெருவில் நடந்தது நம் கண்முன் இருக்கிறது. மலாயரும் தமிழரும் சோனகரும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த அந்தப் பகுதியின் வேகந்தப் பள்ளிவாசல் 1786 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த டி சொய்சா கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அழகிய வீதி முகப்புகளில் ஒன்று, எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே இடிக்கப்பட்டது. நமது தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகப் பழம்பொருளாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்று காக்கப்பட வேண்டுமானால், அது வர்த்தமானியில் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். புறக்கோட்டையில் நாம் நேசிக்கும் பெரும்பாலான கட்டடங்கள் அந்தத் திகதிக்குப் பிந்தியவையே என்பதால், இந்த அறிவித்தல்களைக் காலந்தாழ்த்தாமல் கேட்டுப் பெறுவது வணிகர் சங்கங்களின் கடமை.

ஆகவே உங்கள் தெருவில் திட்டம் எதுவும் பேசப்படுமானால், வேலை முடிந்த பின் அதே இடத்துக்கு, தாங்கக்கூடிய வாடகையில் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். கடை உரிமையாளருக்கு மட்டுமல்லாமல், மாடியறையில் ஒரு மேசை மட்டும் வைத்துக் கல் பதிக்கும் பத்தருக்கும் அந்த உரிமை சேர வேண்டும். ஆலோசனைக் கூட்டம் தமிழிலும் நடக்க வேண்டும். தமிழ் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில் இதைத் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஓவியம் பயிலும் மாணவி. இந்த நகரத்தின் மையப்பகுதியில் தமிழில் சிந்திக்கும் கலைஞருக்கு இடம் இருக்கிறதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது, விரிவாக்கவும் முடியும். 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை தன் காட்சிகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் விளக்குகிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள். கொழும்புஸ்கோப் கலைவிழாவின் 2015 ஆம் ஆண்டுக் காட்சி, கொம்பனித்தெரு ரியோ வளாகத்தில் நடந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான ரியோ திரையரங்கு 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. அந்தச் சுவர்களுக்குள் கலைப் படைப்புகளை வைத்தபோது, பார்க்க வந்தவர்கள் அந்த இடத்துக்கு நேர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. பழைய நகரத்தில் கலைக்கு இருக்கக்கூடிய மிகப் பெரிய பணி இதுவே என்று கருதுகிறேன். ஒரு கட்டடத்தை அழகாக்குவதற்காக அதன் வரலாற்றை மறைக்கும் ஓவியத்தை விட, அந்த வரலாற்றைத் துணிந்து சொல்லும் ஓவியத்தையே உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: ஆடிவேல், நவம் பெரஹர, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா ஆகியவற்றை ஒன்றாக்கி, உல்லாசப் பயணிகளுக்காக ஒரே பண்பாட்டு வாரமாக நடத்தினால் என்ன?
– வாசகர், மருதானை

பதில்: வேண்டாம். வேல் ஆடி மாதத்துக்கும், பெரஹர நவம் பௌர்ணமிக்கும், அந்தோனியார் ஜூன் 13 ஆம் திகதிக்கும் உரியவர்கள். பக்தர்களின் நாட்காட்டியை விருந்தினருக்காக மாற்றுவது முறையல்ல. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் செல்லும் வழியில் குடிநீரும் கழிப்பறையும் மும்மொழி அறிவிப்புகளும் இருந்தால், பக்தரும் விருந்தினரும் ஒருங்கே பயன் பெறுவார்கள். மாநகர சபை அந்தச் செலவை ஒவ்வோர் ஆண்டும் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குமாறு கேளுங்கள்.