குடிநோய்க்கு எங்கே போவது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் கொத்தனார். விடிந்ததும் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் நின்று கரண்டியைப் பிடிக்க முடிகிறது என்கிறார். நான் பீடி சுற்றுகிறேன். எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், அவர்களுடைய இல்லத்தில் மூன்று மாதம் விட்டால் குடியையே மறந்துவிடுவார் என்கிறார். மாதம் 15,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். அவர் வர மறுத்தால் ஆட்களோடு வேனில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். கம்மலை அடகு வைத்து, மீதியை வட்டிக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். வேறு வழி உண்டா?
வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, கம்மல் உங்கள் காதிலேயே இருக்கட்டும், வட்டிக்கும் வாங்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. மனநலப் பிரிவு என்றதும் “என்ன பைத்தியக்காரன்னு நினைச்சியா” என்று அவர் கோபப்படலாம். நரம்புத் தளர்ச்சிக்கும் கை நடுக்கத்துக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த விடியற்காலை நடுக்கம்தான். இரவு முழுவதும் குடிக்காமல் இருந்ததை உடல் தாங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். இந்த நிலைக்கு வந்தவர் வைராக்கியத்தால் திடீரென்று நிறுத்தினாலும், வீட்டார் அறையில் போட்டுப் பூட்டினாலும், உயிருக்கே ஆபத்து வரக்கூடும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நேரமும் இடமும் மறந்து, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகக் கண்டு பிதற்றும் நிலை உண்டாகும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணிக் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் அழைத்துப் போய்க் காலம் கடத்தும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்றும் இருப்பதுதான் எனக்கு ஆற்றாத வருத்தம். வலிப்போ பிதற்றலோ கண்டால் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். மருத்துவமனையில் இந்த நாள்களைக் கடக்க பதற்றமும் நடுக்கமும் தணிக்கும் மாத்திரைகளை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். பி1 வைட்டமினாகிய தயமினை ஊசியாகப் போடுவார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடலில் அது வற்றிப்போய் மூளையைப் பாதிக்கும் என்பதால் அந்த ஊசி முக்கியமானது.

போகும் நாளில் காலையிலேயே கிளம்பி, வெளிநோயாளிகள் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள். முக்கூடலிலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் வந்தால் உங்களுக்குக் கட்டணமும் இல்லை. மருத்துவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்ப்பார். கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார். எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்பார். அவர் குறைத்துச் சொன்னால் நீங்கள் அங்கேயே சண்டை போடாமல், தனியாக மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படுக்கையில் சேர்த்தால் உடன் ஒருவர் இருக்க வேண்டியிருக்கும். நீங்கள் பீடித் தட்டை விட்டு வந்தால் அந்த நாள்களின் கூலி போகும் என்பதை அறிவேன். அவருடைய அண்ணன் தம்பிகளிடம் பணம் கேட்பதற்குப் பதில், இந்தத் துணையைக் கேளுங்கள்.

இனி அந்த இல்லத்தைப் பற்றி. நல்ல தனியார் மையங்கள் இருக்கின்றன. ஆனால் நோயாளியைப் பார்க்காமலேயே மூன்று மாதம் என்று கணக்குச் சொல்லி, ஆள் வைத்துத் தூக்கிப் போவதாகச் சொல்கிறவரிடம் உங்கள் கணவரை ஒப்படைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலக் கோளாறுகளுக்கும் பொருந்தும். சம்மதம் இல்லாத ஒருவரைச் சேர்க்க அந்தச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், 30 நாள் என்ற வரம்பும் உண்டு. சங்கிலியால் கட்டுவதை அது அடியோடு தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி இறந்ததை நம் மாவட்டங்கள் மறக்கக் கூடாது. எந்த மையமானாலும், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், வீட்டார் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா, கட்டிய பணத்துக்கு ரசீது உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே யாரையாவது சேர்த்து அங்கே அடி உதை நடப்பதாகத் தெரிந்தால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

தங்கிச் சிகிச்சை பெறுவது அவசியம் என்று மருத்துவரே சொன்னால், ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 14446 என்ற இலவச எண்ணில் அருகில் எது என்று கேட்கலாம். தமிழக அரசும் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் நாள்களில் உடம்பிலிருந்து சாராயம் இறங்குகிறதே தவிர, நோய் தீர்வதில்லை. சம்பளம் கையில் வரும் சனிக்கிழமை மாலையில் அவர் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறார் என்பதில்தான் அடுத்த ஓராண்டுச் சிகிச்சை நடக்கிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை வாங்கவும் ஆலோசகரைப் பார்க்கவும் சொன்ன தேதியில் தவறாமல் போக வேண்டும். அடகு வைக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் போக்குவரத்துக்கும், வேலைக்குப் போகாத நாள்களின் அரிசிக்கும் போதும். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நடத்திவந்த கிராம முகாம்களை எண்ணிப் பாருங்கள்: ஊராரும் குடும்பத்தாரும் பக்கத்தில் இருக்க, சொந்த மண்ணிலேயே குறைந்த செலவில் குடிநோய்க்குச் சிகிச்சை தர முடியும் என்பதை அவை காட்டின.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கஞ்சா பிடிக்கிறான். அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.
வாசகர், வள்ளியூர்

பதில்: ஐயா, அந்தப் பயத்தால் நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவர் உங்கள் மகனை நோயாளியாகவே பார்ப்பார். நோயாளி சொல்வதை ரகசியமாகக் காப்பது அவர் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுமையாகப் பெறுபவருக்குத் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழி தருகிறது. விற்றவருக்கு இது பொருந்தாது. கஞ்சாவை நிறுத்தவென்று தனி மாத்திரை இல்லை. பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மை. ஆனால் அவன் தனியாகப் பேசுவது, யாரோ பின்தொடர்வதாகச் சொல்வது, இரவெல்லாம் தூங்காமல் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசி, எப்படி அணுகுவது என்று கேட்கலாம்.

கேள்வி: குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். என் தம்பிக்குக் கொடுக்கலாமா?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கூடாது அம்மா. அதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம். டைசல்ஃபிராம் என்ற மருந்தை மருத்துவர்கள் சிலருக்குத் தருவதுண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் நோயாளிக்கு விளக்கி, சம்மதம் பெற்று, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்த பிறகே தருகிறார்கள். தெரியாமல் கலந்தால் உங்கள் தம்பி வழக்கம்போலக் கடைக்குப் போய்விடுவார்.

கேள்வி: இரண்டு முறை சிகிச்சை எடுத்தும் மறுபடியும் குடித்துவிட்டேன். அந்த டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, சர்க்கரை ஏறிய நோயாளி மருத்துவரிடம் திரும்பிப் போவதைப் போலத்தான் இதுவும். குடிநோய் திரும்பி வரக்கூடிய நோய் என்பது எல்லா மனநல மருத்துவர்களுக்கும் தெரியும். அந்த மருத்துவமனைக்கே போக மனம் வராவிட்டால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். குடியை விட்டவர்களே கூடி நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. அருகில் எங்கே கூடுகிறார்கள் என்று மருத்துவமனை ஆலோசகரிடம் கேளுங்கள். மறுபடி குடித்தது எந்த நாளில், யாரோடு, என்ன மனநிலையில் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். இந்த முறை சிகிச்சையை எங்கே மாற்ற வேண்டும் என்று அவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.