'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாமா? கார் விபத்துக்குப் பிறகு: கேள்வி-பதில்

கார் விபத்து பற்றி வந்த கேள்விகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: "அப்போது ஒன்றும் தெரியவில்லை டாக்டர், எழுந்து நடந்துவிட்டேன்." அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு ரத்தத்தைவிட இந்த வாசகம்தான் அதிகக் கவலை தரும். முதல் அரைமணி நேரத்தில் உடம்பு சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

நேற்று மாலை சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்தது. இறங்கி நன்றாகத்தான் நடந்தேன். இன்று காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அடி பட்டிருந்தால் நேற்றே வலித்திருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. பின்னாலிருந்து இடிக்கும்போது இருக்கை உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டு, பிறகு வெடுக்கென்று முன்னால் வருகிறது. அந்த ஒரு கணத்தில் கழுத்துத் தசைகள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. அந்த நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியை அமுக்கிவிடும். இழுபட்ட இடம் வீங்கவும் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் மறுநாள் காலையில் பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இன்னும் கூடினாலும் பயப்பட வேண்டாம்.

வலி தாமதமாக வந்தது ஒரு வகையில் நல்ல அறிகுறிதான். கழுத்தெலும்பு முறிந்திருக்குமா என்று கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கனடா நாட்டு விதிமுறையும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கை காலில் மதமதப்பு, பலக்குறைவு, நடுக்கழுத்து எலும்பைத் தொட்டால் வலி, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வயது 65ஐத் தாண்டியிருந்தாலும் அப்படித்தான். இவை இல்லையென்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். மெதுவாக அசைத்துப் பழகுபவர்களுக்குத்தான் சீக்கிரம் குணமாகிறது.

அப்பாவுக்கு 72 வயது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கார் தடுப்புச் சுவரில் உரசியதில் தலை கண்ணாடியில் பட்டு லேசாகப் புடைத்திருக்கிறது. தூக்கம் வருகிறது என்கிறார். தூங்க விடாமல் வைத்திருக்கலாமா?

இதைப் படித்தவுடன் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், வீக்கம் சிறிதா பெரிதா என்பது கணக்கே இல்லை. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும், பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். உங்கள் அப்பாவுக்குத் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருக்கிறது.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மண்டை ஓட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய சிரைகள் இழுபட்டபடியே இருக்கும். சின்ன இடியிலும் அவை அறுந்து, ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பேச்சுக் குழறலாகவோ நடைத் தள்ளாட்டமாகவோ வெளியே தெரியும். "வயசாயிடுச்சு, மறதி" என்று குடும்பமே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் விபத்தையும் மறந்திருப்பார்கள். ஆகவே விபத்து நடந்த தேதியை எழுதி வையுங்கள். பின்னாளில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அதைச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு வரும் ஆபத்து வேறு. நெற்றிப்பொட்டுக்குக் கீழே ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு மெலிது. அது உடைந்து தமனி கிழிந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்துவிடுவார். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் வடிவது: இவை எல்லாம் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

தூக்கம் பற்றி: விழித்திருக்க வைப்பதால் ரத்தக்கசிவு நிற்காது. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தூங்கலாம். முதல் 24 மணி நேரம் யாராவது கூடவே இருங்கள். எழுப்பினால் எழுகிறாரா, சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் அது தூக்கம் அல்ல.

ஏழு மாதக் கர்ப்பிணி நான். கார் மெதுவாகத்தான் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. குழந்தையும் அசைகிறது. மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும் அம்மா. கருப்பை மீள்தன்மை உள்ளது. நஞ்சுக்கொடி அப்படி இல்லை. பலூனில் காகிதத்தை ஒட்டிவிட்டுப் பலூனை அமுக்கினால் காகிதம் பிய்த்துக்கொண்டு வருமே, அதுபோல் மெதுவான இடியிலும் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடலாம். வெளியே ரத்தம் வராமலே உள்ளே நடக்கும். 20 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிக்கு வயிற்றில் அதிர்வு பட்டிருந்தால், குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் தொடர்ந்து கண்காணிப்பதுதான் முறை. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அங்கே முதலிலேயே சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும்.

இனி காரில் போகும்போது சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் படியட்டும். பெல்ட்டே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

பெல்ட் அழுத்தியதில் வயிற்றில் குறுக்கே ஒரு கன்றிய தடம். களிம்பு தடவினால் போதுமா?

போதாது. அடிவயிற்றில் பட்டையாக விழுந்த கன்றல், உள்ளே குடல் நசுங்கியிருக்கலாம் என்பதற்கான அடையாளம். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் வயிற்று இறுக்கமுமாக வெளிப்படுவதுண்டு. முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். இதைக் காட்டாமல் வீட்டில் இருக்க வேண்டாம்.

மோதியவுடன் காருக்குள் வெள்ளைப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் திறந்து சாலையில் குதித்துவிட்டேன். செய்தது சரியா?

நீங்கள் பார்த்தது ஏர்பேக்கின் புகையாக இருக்கலாம். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஏறத்தாழ ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கில் விரிந்துவிடும். அதை ஊத வைக்கும் வேதிப்பொருள் எரிவதால் கரிந்த வாடை வரும், வெண்தூள் பறக்கும். முன்கையில் சிராய்ப்பும் காதில் இரைச்சலும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கலாம் என்பதால் வெளியே வருவது நல்லதுதான்.

ஆனால் பார்க்காமல் சாலையில் குதித்ததுதான் ஆபத்து. முதல் மோதலில் தப்பித்தவர்கள், பின்னால் வந்த வண்டியில் அடிபட்டு எங்களிடம் வருகிறார்கள். எஞ்சினை அணையுங்கள், நான்கு பக்க விளக்குகளையும் சிமிட்ட விடுங்கள், வண்டி ஓடாத பக்கமாக இறங்குங்கள், சாலையை விட்டு விலகி நில்லுங்கள். உங்கள் காருக்கும் எதிரே வரும் வண்டிகளுக்கும் நடுவில் நிற்கவே கூடாது. தீ என்றால் புகை பெரும்பாலும் பானட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும், நிற்காது, கருக்கும். அப்போது எதையும் எடுக்கத் திரும்பாமல் ஓடுங்கள்.

மின்சாரக் கார் என்றால் ஒன்று கூடுதல். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள். அடிபட்ட பேட்டரி பல மணி நேரம், ஏன், சில நாள் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளலாம். வண்டியை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடிபட்டவர் காருக்குள் சிக்கியிருந்தார். இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் கொடுத்தோம். சரிதானே?

உதவ ஓடினீர்களே, அதற்கு நன்றி. அடுத்த முறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். தீ, வெள்ளம், விரைந்து வரும் வண்டிகள் என்று உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய இழுக்காதீர்கள்; கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஓர் இழுப்பு ஆயுளுக்கும் முடக்கிப்போடும். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடி இருங்கள். ஆனால் அவர் மூச்சு விடவில்லை என்றால் கணக்கே வேறு: கழுத்தைவிட மூச்சு முக்கியம். வெளியே எடுத்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுபவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கியது பிய்ந்துவிடும். குத்தியிருக்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் வேண்டாம். அரைமயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். தாகம் என்று கெஞ்சினால் உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள்.

தப்பு என்னுடையதுதானா என்றே தெரியவில்லை. அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிடலாமா?

"அடிபட்டிருக்கிறதா, என்ன உதவி வேண்டும்" என்று கேளுங்கள். யார்மேல் தவறு என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். பதற்றத்தில் யாருக்கும் நடந்தது முழுதாகத் தெரியாது. நிற்காமல் போவது மட்டும் கூடவே கூடாது. நிற்பது, தன்னை யாரென்று சொல்வது, காயம் பட்டிருந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது ஆகியவற்றை 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது. படம் எடுப்பதென்றால் முதலில் தூரத்திலிருந்து முழு இடத்தையும் எடுங்கள், பிறகு பக்கத்தில் போய் டயர் தடம், நம்பர் பலகை, உடைந்த பாகங்கள். டேஷ் கேமரா இருந்தால் அதன் கார்டைக் கழற்றி வையுங்கள். தொடர்ந்து ஓடினால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

விபத்து நடந்து ஆறு வாரம். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கிறது. கனவிலும் அதே சத்தம். கோழையாகிவிட்டேனோ?

இல்லை. முதல் சில வாரங்கள் அப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் தணியவில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் காயம், எலும்பு முறிவுக்குப் பார்ப்பதுபோலவே பார்க்க வேண்டியது. மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ சந்தியுங்கள். அந்த நினைவை எதிர்கொள்ளப் பயிற்றுவிக்கும் சிகிச்சைகள் நன்றாகவே பலன் தருகின்றன. தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். நின்றிருக்கும் காரில் சும்மா உட்காருவதிலிருந்து ஆரம்பியுங்கள். அவசரம் இல்லை.

குழந்தை இருக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பப் பயன்படுத்தலாமா?

கார் தானே ஓடும் நிலையில் இருந்து, இருக்கைக்குப் பக்கத்துக் கதவு நசுங்காமல், யாருக்கும் காயமில்லாமல், ஏர்பேக் விரியாமல், இருக்கையிலும் விரிசல் இல்லாமல் இருந்தால் பயன்படுத்தலாம் என்கிறது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் மாற்றிவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் எந்த மோதலானாலும் மாற்றச் சொல்கிறார்கள். கூட வந்த கையேட்டைப் பாருங்கள். தூக்கிப் போடும்முன் பட்டைகளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துத் தன் குழந்தையை அதில் உட்கார வைத்துவிடுவார்கள்.