க்யூ அழுத்தினால் லாக் மாயம்!

கேள்வி: பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சர்வர் சப்போர்ட் வேலை. புட்டி (PuTTY, தொலைவிலிருந்து சர்வரில் கமாண்ட் அடிக்க உதவும் புரோகிராம்) வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போய், லாக் ஃபைலை லெஸ்ஸில் (less, ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் புரோகிராம்) திறந்து எரர் வரியைக் கண்டுபிடிக்கிறேன். அதைப் பார்த்து அடுத்த கமாண்டை அடிக்கலாம் என்று க்யூ அழுத்தினால் எல்லாம் மறைந்து பழைய திரை வந்துவிடுகிறது. புட்டியில் கோளாறா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: கோளாறெல்லாம் இல்லை. புட்டி மாதிரி கமாண்ட் அடிக்கும் ஜன்னலை டெர்மினல் என்பார்கள், அதற்கு உள்ளே இரண்டு திரை உண்டு. லெஸ், விம் (டெக்ஸ்ட் எடிட்டர்) மாதிரி புரோகிராம்கள் கிளம்பும்போதே 1049 என்ற எண் கொண்ட எஸ்கேப் குறியீட்டை (டெர்மினலுக்கான ரகசியக் கட்டளை மாதிரி) அனுப்பி இரண்டாவது திரைக்குத் தாவிவிடும், மூடும்போது அதையே அணைத்துவிட்டுத் திரும்பி வரும். அந்த மாற்றுத் திரையில் இருந்ததை யாரும் சேமித்து வைப்பதில்லை, அதனால்தான் மேலே உருட்டினாலும் கிடைப்பதில்லை.

புட்டியில் டெர்மினல், ஃபீச்சர்ஸ் பக்கத்தில் மாற்றுத் திரைக்குப் போவதையே தடுக்கும் டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. நான் அதைத் தொடச் சொல்ல மாட்டேன். தொட்டால் விம் மாதிரி புரோகிராம்கள் எல்லாமே மூடிய பிறகும் தங்கள் எச்சத்தைத் திரையில் விட்டுவிட்டுப் போகும், இரண்டே நாளில் எரிச்சல் வந்துவிடும். உங்களுக்குத் தொந்தரவு லெஸ்ஸில் மட்டும்தானே? லெஸ் என்று அடித்து, ஒரு ஹைஃபனும் பெரிய எக்ஸும் போட்டு, அப்புறம் ஃபைல் பெயரைக் கொடுங்கள். க்யூ அழுத்தினாலும் கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே நிற்கும்.

தினமும் அடிக்கச் சோம்பலாக இருந்தால் உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலில் (.bashrc, உங்கள் லாகினுக்கான அமைப்புகள் இருக்கும் ஃபைல்) லெஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (புரோகிராம்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு, பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்) இந்த ஹைஃபன் எக்ஸைப் போட்டுவிடலாம். நைட் ஷிஃப்ட்காரர்களும் நீங்களும் ஒரே லாகின் என்றால் வேண்டாம், அவர்களுக்கும் மாறிவிடும். இதில் ஒரு சிக்கல்: அந்த வேரியபிள் இல்லாதபோது கிட் (git, கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராம்) தானாகவே எஃப், ஆர், எக்ஸ் என்ற மூன்று ஆப்ஷன்களையும் லெஸ்ஸுக்குக் கொடுக்கும், நீங்கள் எக்ஸ் மட்டும் வைத்துவிட்டால் கிட் ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் கிட் லாகில் கலர் வர வேண்டிய இடத்தில் 33எம் என்று குப்பையாக வரும். அதனால் கலரைக் கலராகவே காட்டும் ஆரையும் சேர்த்தே வையுங்கள். எஃப் சேர்த்தால் ஒரு திரைக்குள் அடங்கும் ஃபைலைக் காட்டிவிட்டு லெஸ் தானே வெளியேறிவிடும், அது உங்கள் விருப்பம்.

வீட்டில் உபுண்டுவில் க்னோம் டெர்மினல் வைத்திருந்தால் இன்னொரு விஷயம். மாற்றுத் திரையில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அதை மேல், கீழ் அம்புக்குறியாக்கி லெஸ்ஸுக்கு அனுப்புவது அந்த டெர்மினல்தான். எக்ஸ் போட்ட பிறகு சக்கரம் லெஸ்ஸை நகர்த்தாது, டெர்மினலின் பழைய வரிகள்தான் ஓடும். ஃபைலை நகர்த்த ஸ்பேஸ் பாரும் பி எழுத்தும் போதும்.